உடனுழைப்போரிடையே வாய்மை

(அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது)



ஆண்டுக்கு ஒருமுறை ஒருவரை அழைத்து, அவர் மனத்தில் நெடுநாள் ஊறிய ஒரு பொருளைப் பற்றி அவசரமின்றிப் பேசவிட்டு, பொறுமையோடு செவிமடுக்கும் இந்த நல்வழக்கத்தில் இவ்வாண்டு எனக்கு இடம் அளித்தமைக்கு மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். நிர்வாகவியல் ஆசிரியனாதலால், ஸ்தாபனங்களின் சட்டதிட்டங்களையும் வரவு செலவுகளையும் பற்றி நான் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அவை அனைத்துக்கும் அடித்தளமாக இருந்தும், எந்தச் சட்டப் புத்தகத்திலும் முழுமையாக எழுதப்படாத ஒன்றை, அதாவது ஒன்றாகப் பணிபுரிகிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் உண்மை பேசுவதையும் அதனால் விளையும் நம்பிக்கையையும், இன்றைய பொருளாகத் தேர்ந்துகொண்டிருக்கிறேன்.

உத்தியோகத்தில் நேர்மை என்றதும் லஞ்சமும் கையாடலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் கொடுமையைக் குறைத்து மதிப்பிடுகிறவன் அல்லன் நான். ஆயினும், லஞ்சத்தைக் கனவிலும் கருதாத உத்தமர்கள் பணியாற்றும் இடங்களிலும், கணக்கில் நேர்ந்த பிழையைக் கண்டவர் வாய் திறவாமல் இருப்பதும், மேலதிகாரி தவறான முடிவெடுக்கும்போது அருகில் இருப்பவர் தலையாட்டுவதும், தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் காட்டி ஒருவர் கையெழுத்திடுவதும் நாள்தோறும் நிகழ்கின்றன. இவற்றைச் செய்கிறவர்களுள் பெரும்பாலோர் பொய்யர்கள் அல்லர். உண்மை சொன்னால் நேரக்கூடிய இடரை எண்ணி ஒரு கணம் தயங்கிவிட்டவர்கள். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது, அதை நீக்கும் பொறுப்பு யாருடையது என்பதே என் விசாரணை.

என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். உடனுழைப்போரிடையே நிலவும் நம்பிக்கை, நல்லவர்கள் பலர் தற்செயலாக ஓரிடத்தில் கூடியதால் கிடைக்கும் பாக்கியம் அன்று. உண்மையைச் சொல்வதற்கு வழியும், சொன்ன சொல்லைச் சரிபார்ப்பதற்கு முறையும், சொன்னவரைக் காப்பதற்கு மனமும் எங்கே இருக்கின்றனவோ, அங்கே அது பழக்கத்தால் மெல்ல மெல்லத் திரண்டு வருகிறது. அந்த ஏற்பாட்டைச் செய்யும் கடமை, அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவருடையது.

திருவள்ளுவர் வாய்மையை அறத்துப்பாலின் துறவறவியலில் ஓர் அதிகாரமாக வைத்தார். ஒருவரை ஆராய்ந்து நம்புவதையோ பொருட்பாலின் அரசியலில், தெரிந்து தெளிதல் என்ற தனி அதிகாரமாக வகுத்தார். ஆராயாமல் நம்புகிறவனையும், நம்பிய பிறகு ஐயுறுகிறவனையும் அங்கே அவர் ஒருங்கே கண்டிக்கிறார். வாய்மை தனிமனிதனின் தவம். நம்பிக்கையோ ஆட்சி முறையின் ஓர் அங்கம். இந்தப் பகுப்பை மனத்தில் கொண்டு, ஐந்து கூறுகளாக என் கருத்தை விரிக்கிறேன்.

1. சொல்லுக்குப் பொறுப்பேற்பதில் நம்பிக்கை பிறக்கிறது

ஒருவரோடொருவர் நெடுங்காலம் பழகியவர்களிடையே நம்பிக்கை தானே வளரும் என்று நாம் எண்ணுகிறோம். நம் ரயில்வேயைப் பாருங்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட ஒற்றைப் பாதையில் ஒரு வேளையில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்பது அங்கே மூல விதி. வண்டியை அனுப்ப விரும்பும் ஸ்டேஷன் மாஸ்டர், அடுத்த நிலையத்தாரிடம் 'லைன் கிளியர்' கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர், முன்னே வந்த வண்டி முழுமையாக உள்ளே வந்து சேர்ந்துவிட்டதா என்பதை அதன் கடைசிப் பெட்டியின் அடையாளத்தைக் கொண்டு உறுதி செய்த பின்னரே இசைவு தருவார். இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் கண்டிராதவர்களாகக்கூட இருக்கலாம். ஆயினும் நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிர் அந்த இசைவின்மீது ஓடுகிறது.

இதே முறையின் இன்னும் நுண்ணிய வடிவத்தை, சிக்னலோடு பிணைக்கப்படாத லெவல் கிராசிங்குகளில் காணலாம். நள்ளிரவில் ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் கேட் கீப்பரை அழைத்து, இன்ன வண்டி வருகிறது, கேட்டை மூடுக என்கிறார். கேட் கீப்பர் வெளியே சென்று, இரு பக்கமும் பார்த்து, கேட்டை மூடிப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து, தம்மிடம் கொடுக்கப்பட்டுள்ள தாளில் வரிசைப்படி அடுத்து நிற்கும் எண்ணைப் படித்துச் சொல்லி, அதை அடித்துவிடுகிறார். அதற்குப் 'பிரைவேட் நம்பர்' என்று பெயர். ஸ்டேஷன் மாஸ்டர் அதை நேரத்தோடு தம் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். அந்த எண்ணுக்குத் தன்னளவில் பொருள் எதுவும் இல்லை. மூடிய பிறகே அதைச் சொல்ல வேண்டும் என்பதனாலும், அந்தத் தாள் அவரிடம் மட்டுமே இருப்பதனாலும், 'இந்த நேரத்தில் இதை நானே செய்து முடித்தேன்' என்னும் பிரமாணமாக அது ஆகிவிடுகிறது.

நம் அலுவலகங்களில் வழங்கும் சொற்களை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'பார்த்துக்கொள்ளலாம் சார்', 'கிட்டத்தட்ட முடிந்துவிட்டது', 'சொல்லிவிட்டேன், வந்துவிடும்' என்று நாள் முழுவதும் கேட்கிறோம். இவற்றுள் எதுவும் பொய் அன்று. எதற்கும் எவரும் பொறுப்பாளி அல்லர். எதைச் செய்தோம், எப்போது செய்தோம், எது இன்னும் மீதம் இருக்கிறது என்று திட்டமாகச் சொல்லும் பழக்கம் இல்லாத இடத்தில், எவ்வளவு பரிச்சயமும் பிரியமும் இருந்தாலும் நம்பிக்கை வேரூன்றுவதில்லை.

2. சரிபார்த்தல் அவமதிப்பு அன்று

'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்ற கேள்வி, சோதனைக்கு எதிராக நாம் எழுப்பும் முதல் ஆட்சேபம். ரயில் எஞ்சினில் லோகோ பைலட்டும் அவருடைய உதவியாளரும், எதிர்ப்படும் ஒவ்வொரு சிக்னலின் நிலையையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது விதி. முப்பது ஆண்டு அனுபவம் உடையவரும், நேற்று பணியில் சேர்ந்த இளைஞரும் அதை ஒன்றுபோலச் செய்கிறார்கள். மூத்தவரின் கண்ணில் குறை என்று இதனால் யாரும் எண்ணுவதில்லை. மனிதக் கண் என்றேனும் ஒரு நாள் தவறும் என்ற உண்மையை இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வங்கியின் பணப்பெட்டக அறைக்கு இரண்டு சாவிகளை வைத்து, இரண்டு உத்தியோகஸ்தர்களிடம் பிரித்துக் கொடுப்பதும் இதே கருத்தினால்தான். ஒருவர் தனியே திறக்க முடியாது என்ற நிலை, பணம் குறைந்த அன்று நிரபராதியைச் சந்தேகத்தினின்றும் காக்கிறது.

மழைக்காலத்தில் தண்டவாளத்தின் வழியே இரவெல்லாம் நடந்து காவல் புரியும் ரோந்துத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். தம் எல்லை முடியும் இடத்தில், எதிர்ப்புறமிருந்து வரும் அடுத்த ரோந்துக்காரரைச் சந்தித்து, இருவரும் தத்தம் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்கிறார்கள். நிலையத்தை அடைந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் நேரம் குறித்துக் கையெழுத்திடுகிறார். நடக்காத தூரத்தை நடந்ததாகச் சொல்ல இந்த முறை இடம் தருவதில்லை. அதே சமயம், கொட்டும் மழையில் யாரும் காணாமல் அவர் செய்த கடமைக்கு அந்தக் கையெழுத்து ஒரு சாட்சியாகவும் நிற்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். விதியின்படி எல்லோருக்கும் ஒன்றுபோல நடக்கும் சோதனை, கௌரவத்துக்கு ஊறு செய்வதில்லை. ஒருவரை மட்டும் தனியே பிரித்து, காரணம் சொல்லாமல், அவர் இல்லாத வேளையில் மேஜையைத் துழாவுவதுதான் அவமதிப்பு. முன்னது நம்பிக்கையின் காவல். பின்னது அவநம்பிக்கையின் பிரகடனம். நிர்வாகிகள் பலர் முன்னதைச் செய்யச் சோம்பி, பிறகு பின்னதைச் செய்ய நேர்ந்து வருந்துகிறார்கள்.

3. அந்தஸ்தின் இடைவெளி உண்மையின் வாயை அடைக்கிறது

1977ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று, கேனரித் தீவுகளைச் சேர்ந்த டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் விபத்து ஒன்றில் இத்தனை உயிர்கள் போனது வேறெங்கும் இல்லை. புறப்பட முனைந்த டச்சு விமானத்தின் தலைமை விமானி, அந்த நிறுவனத்தில் பிற விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் உயர் நிலையில் இருந்தவர், பெரும் மதிப்புக்குரியவர். அவர் முதல் முறை எஞ்சினின் வேகத்தைக் கூட்டியபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி எடுத்துச் சொன்னார், தலைவரும் நிறுத்தினார். புறப்படும் அனுமதி வராமல் வழி பற்றிய குறிப்பு மட்டும் வந்து, துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானம் நகரத் தொடங்கியது. இரண்டாம் முறை அவர் தடுக்கவில்லை. எதிர் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லை போலிருக்கிறதே என்ற ஐயம், வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த விமானப் பொறியாளருக்கு எழுந்தது. அதை அவர் கேள்வியாகவே கேட்டார். விலகிவிட்டது என்று தலைவர் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. சில வினாடிகளில் எல்லாம் முடிந்தது.

அந்த விமானி அறையில் இருந்த மூவரும் திறமைசாலிகள், நேர்மையாளர்கள். உண்மையின் ஒரு பகுதி அவர்களுள் ஒருவருக்குத் தெரிந்தும் இருந்தது. முதல் முறை சொல்லித் தலைவரைத் திருத்தியவருக்கு, இரண்டாம் முறையும் சொல்ல நா எழவில்லை. பொறியாளரின் ஐயமோ கேள்வியாகப் பணிந்து வந்து, ஓர் அழுத்தமான விடைக்கு முன் அடங்கிப் போயிற்று. மரியாதை என்ற நற்பண்பே இங்கே உண்மைக்குத் தடையாக நின்றது. மூத்தோர் சொல்லுக்கு எதிர் பேசலாகாது என்று வளர்க்கப்பட்ட நம் போன்ற சமுதாயத்தில் இந்தப் பாடம் இருமடங்கு கவனத்துக்கு உரியது.

இதைப் போன்ற விபத்துகளை ஆராய்ந்தவர்கள், 1979இல் நாசா கூட்டிய ஒரு கருத்தரங்கின் தொடர்ச்சியாக, விமானக் குழுவினர் அனைவரும் தயக்கமின்றிப் பேசவும், தலைவர் அதைக் கேட்டு வாங்கவும் பயிற்சி அளிக்கத் தொடங்கினார்கள். அதன் பயன் 1989 ஜூலை 19 அன்று பிரத்தியட்சமாயிற்று. அமெரிக்காவில் 296 பேரோடு பறந்த ஒரு டிசி-10 விமானத்தின் பின் எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்ப உதவும் அமைப்புகள் யாவும் செயலிழந்தன. கேப்டன் ஆல் ஹேய்ன்ஸ், இந்த நிலைக்குத் தம்மிடம் விடை இல்லை என்பதை மறைக்காமல், பிரயாணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் ஒருவரையும் உள்ளே அழைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் யோசனையையும் கேட்டு, எஞ்சின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தை சூ நகர நிலையம் வரை கொண்டு சேர்த்தார். தரையில் மோதி விமானம் உடைந்தபோதிலும் 184 பேர் உயிர் பிழைத்தனர். அந்தப் பயிற்சி இல்லாவிடில் அது கைகூடியிராது என்று அவரே பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி தொடுமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஒருமுறை வாய் திறந்து தம் பெயரைச் சொன்ன செவிலியருக்கு, பிறகு ஆபத்தைக் காணும்போது பேசுவதும் எளிதாகிறது என்பதே அதன் கருத்து. எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, நோயாளிகளின் மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததை 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பட்டியலின் மற்ற அம்சங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும் அறிமுகம் என்ற இந்தச் சிறு விதிக்கும் உரிய இடத்தை நான் அளிப்பேன்.

4. தண்டனை அச்சம் பிழையை நிலத்தடிக்கு அனுப்புகிறது

1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனை நோக்கி இறங்கிவந்த ஒரு பயணி விமானம் வர்ஜீனியாவின் மலையொன்றில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். தரையிலிருந்து வந்த ஓர் அனுமதிச் சொல்லுக்கு, தரையில் இருந்தவர்கள் ஒரு பொருளும் விமானிகள் வேறொரு பொருளும் கொண்டிருந்தனர். விசாரணையில் வெளிப்பட்ட மற்றொரு செய்தி, படிப்பவர் நெஞ்சை உலுக்குவது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே குழப்பத்தால் அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அதன் விமானிகள் அதைத் தம் நிறுவனத்துக்கு ஒளிக்காமல் தெரிவித்தார்கள். அங்கிருந்த விமானிகள் எச்சரிக்கவும் பட்டார்கள். அந்த உண்மை நிறுவனத்தின் மதிலைத் தாண்டி வெளியே போக மட்டும் வழி இருக்கவில்லை.

அந்த வழியை அமைத்தார்கள். 1976 முதல் அமெரிக்க விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் பிழைகளையும் தப்பிய ஆபத்துகளையும், தண்டிக்கும் அதிகாரம் உடைய இலாகாவுக்கு அல்லாமல், நாசாவுக்கு எழுதி அனுப்பலாம். நாசா பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, பாடத்தை மட்டும் எல்லோருக்கும் அறிவிக்கிறது. அறியாமல் நேர்ந்த விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் தாமே தெரிவித்தவர், வரையறுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தண்டனையினின்றும் விலக்குப் பெறலாம். வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கு இந்தச் சலுகை இல்லை. தவறுக்கும் குற்றத்துக்கும் இடையே அவர்கள் கிழித்த இந்தக் கோடுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். இரண்டையும் ஒன்றாகத் தண்டிக்கும் ஸ்தாபனம், குற்றவாளியைப் போலவே நல்லவனையும் மறைக்கப் பழக்குகிறது.

மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை ஆராய்ந்தபோது, நன்கு ஒத்துழைக்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்த்தார். ஏடுகளிலோ அத்தகைய குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. நல்ல குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்த தவறுகளை அஞ்சாமல் பேசின என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஆகவே, பிழையே பதிவாகாத அலுவலகத்தைக் கண்டு மகிழ்ச்சி அடைவதற்குமுன், அங்கே பேச்சு நின்றுபோய்விட்டதா என்று ஒரு நல்ல நிர்வாகி விசாரிக்க வேண்டும்.

இதனால் கோள் சொல்லுதலை நான் ஆதரிப்பதாக யாரும் கொள்ள வேண்டாம். பிழையைத் திருத்தக்கூடியவரிடம், திருத்துவதற்குக் காலம் இருக்கும்போது, கூடுமானவரை பிழை செய்தவரை முன்வைத்துக்கொண்டே சொல்வது வாய்மை. திருத்த வழியில்லாதவரிடம், காலம் கடந்த பின், அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வது புறங்கூறல். செய்தி ஒன்றேயாயினும் இவ்விரண்டின் பயன்கள் நேர் எதிரானவை.

5. பொறுப்பை ஏற்பது மேலோரின் கடமை

1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்றில் பெருக்கெடுத்த வெள்ளத்தால் பாதை அரிக்கப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தைத் தமிழகம் மறந்துவிடவில்லை. அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, அதே ஆண்டு மகபூப்நகர் ரயில் விபத்தின்போதே ராஜிநாமா அளித்திருந்தார்; பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு அவர் மீண்டும் அளித்த ராஜிநாமா ஏற்கப்பட்டது. மந்திரியே அந்தப் பாதையை அரித்துவிட்டார் என்று எவரும் சொல்லவில்லை. குற்றத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போய், கடைசியில் மழையில் நனைந்த ஒரு ரோந்துக்காரரின் தலையில் சுமத்தும் வழி அவருக்குத் திறந்திருந்தது. அந்த வழியில் அவர் செல்லவில்லை.

1979 ஆகஸ்ட் 10 அன்று, எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் முயற்சி வங்கக் கடலில் விழுந்து முடிந்தது. திட்டத்தின் இயக்குநர் ராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம். பத்திரிகையாளர்களின் முன்னே அந்தத் தோல்வியின் பொறுப்பைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டவர், விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக இருந்த சதீஷ் தவன். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் தன் பாதையில் சேர்ந்தபோது, பத்திரிகையாளரைச் சந்திக்கும்படி கலாமையே அவர் அனுப்பினார். கலாம் இந்த நிகழ்ச்சியை நாடெங்கும் சொல்லிவந்தார்; நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அதில் பெருந்தன்மையைக் கண்டு போற்றுகிறோம். நிர்வாகவியல் கண்ணோடு நோக்கினால், அதில் ஒரு பயனும் அடங்கியிருக்கிறது. தோல்வியின் பழி தம்மேல் விழாது என்று அறிந்த பொறியாளர்கள்தாம், கசிந்த வால்வு எது, கவனியாமல் விட்ட எச்சரிக்கை எது என்பதைத் தயங்காமல் மேஜைமேல் எடுத்து வைப்பார்கள். தலைவர் பழியை ஏற்றபோது, உண்மை வெளிவருவதற்கான விலையைத் தாமே செலுத்திவிட்டார் என்பேன்.

நிறைவுரை

அன்பர்களே, இதுவரை கூறியவை பெரிய ஸ்தாபனங்களுக்கும் அபாயகரமான தொழில்களுக்கும் மட்டும் உரியவை என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு தாலுகா அலுவலகத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், பள்ளி ஆசிரியர் அறையிலும் இதே சுபாவமுடைய மனிதர்கள்தாம் இருக்கிறார்கள். அங்கே பிழையின் விளைவு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு. எனவே, மூன்று அனுஷ்டானங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒப்படைக்கும் வேலையையும் முடித்த வேலையையும் திட்டமான சொற்களில் சொல்லுங்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். இரண்டாவது, ஆலோசனைக் கூட்டங்களில் பதவியால் இளையவர் முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில் பேசட்டும். தலைவரின் அபிப்பிராயம் முன்னே வந்துவிட்டால் மற்றவை யாவும் அதற்கு வியாக்கியானமாகவே முடியும். மூன்றாவது, கெட்ட செய்தியோடு ஒருவர் வந்து நிற்கும்போது, 'யார் செய்தது?' என்று கேட்குமுன், 'சொன்னது நல்லதாயிற்று, இப்போது என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். விசாரணைக்கு உரிய காலம் பிறகு வரும். அந்த முதல் வினாடியில் அதிகாரியின் முகத்தில் தோன்றுவதை அலுவலகம் முழுவதும் அன்று மாலைக்குள் அறிந்துவிடும். இனி உண்மை சொல்லலாமா என்பதை அதைக் கொண்டே எல்லோரும் முடிவு செய்வார்கள்.

இங்கே கூடியிருக்கும் மாணவர்களாகிய நீங்கள் இன்னும் சில ஆண்டுகளில் பிறருக்குக் கீழும், பிறகு பிறருக்கு மேலும் பணியாற்றப் போகிறீர்கள். கீழே இருக்கும்போது உண்மையைக் காலத்தில் சொல்லும் தைரியம் உங்களிடம் எதிர்பார்க்கப்படும். மேலே வந்தபின், அந்தத் தைரியம் பிறருக்குத் தேவைப்படாதவாறு உண்மையைச் சொல்வது எளிய, சாதாரணமான ஒரு காரியமாகும்படி செய்வது உங்கள் கடமை. இவ்விரண்டுள் பின்னதே அரிது. அதை நிறைவேற்றியவர் விட்டுச்செல்லும் அலுவலகம், அவர் இல்லாத காலத்திலும் உண்மை பேசும்.